தமிழ்க் கல்லும் தமிழ் மாணவரும்

பழைய நகரொன்றைக் காணச் செல்வோர் பெரும்பாலும் தாம் காண விரும்பியதையே கண்டு திரும்புவர். வீட்டைவிட்டுப் புறப்படும்போதே அந்நகரின் சித்திரம் அவர்தம் உள்ளத்தில் வரையப்பட்டு விடுகின்றது. அங்குள்ள கற்கள் அச்சித்திரத்துக்குச் சான்று கூறுவதோடு தம் கடமையை முடித்துக்கொள்கின்றன. பேராதனையிலிருந்து பொலனறுவைக்கு ஒருநாட் பயணமாகச் சென்ற கலைப்பீட மாணவர் சிலருக்கு அவ்வாறு நிகழவில்லை. எதனைத் தம்முடையதென்று உரிமை பாராட்டிச் சென்றனரோ, அதன் முன்னேயே அவர்கள் வாயடைத்து நிற்க நேர்ந்தது.

பயணத்தை ஒழுங்கு செய்தவர்கள் பொலனறுவையில் ஒரு வழிகாட்டியைத் தொலைபேசி மூலம் அமர்த்தியிருந்தனர். அவர் விதித்த நிபந்தனை ஒன்றே: காலை ஏழரை மணிக்கு முன்னர் வந்துவிட வேண்டும். வெயில் ஏறினால் வெறுங்காலுடன் கற்றளங்களில் நடத்தல் இயலாது. அதனாலேயே அவர் இவ்வாறு கூறுகின்றார் என்று மாணவர் எண்ணிக்கொண்டனர். ஏறத்தாழ 140 கிலோமீற்றர் தூரம். அதிகாலை மூன்றரை மணிக்குப் புறப்படுவதென்று முடிவாயிற்று. ஆயினும் விடுதிகளிலிருந்து எல்லோரும் வந்து சேர்வதற்கு நாலரை மணிக்கும் மேலாயிற்று. மகாவலியின் மேல் பனிப்புகார் படிந்திருந்த வேளையில் பஸ்வண்டி கண்டி வீதியிற் சென்று கலந்தது. மாத்தளையைக் கடக்கும்போது கிழக்கு வெளுத்தது. தம்புள்ளையில் தேநீருக்காக வண்டி நின்றது. பத்து நிமிடமென்று இறங்கியவர்கள் அரைமணி நேரத்தின் பின்னரே ஏறினர்.

ஹபரணையைத் தாண்டியதும், யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த வரலாற்றுச் சிறப்புக்கலை மாணவனொருவன் இருக்கைகளின் நடுவே எழுந்து நின்று பேசத் தொடங்கினான். பேச்சுப் போட்டிகளில் தழும்பேறிய குரல் அவனுடையது. 993 அளவில் இராஜராஜனின் படை ஈழத்துக்கு வந்தமை, அநுராதபுரம் வீழ்ந்தமை, 1017 இல் ஐந்தாம் மகிந்தன் சிறைப்பட்டமை, பொலனறுவை ஜனநாதமங்கலம் என்னும் பெயருடன் சோழரின் தலைநகரானமை, 1070 இல் முதலாம் விஜயபாகு அதனை மீட்டமை ஆகியவற்றை அவன் பிழையின்றி ஒப்புவித்தான். மின்னேரிக் குளத்தின் நீர்ப்பரப்பு ஒருபுறம் வந்து மறைந்ததை அவனும் கவனிக்கவில்லை; கேட்டிருந்தோரும் கவனிக்கவில்லை.

“அங்க வாற வழிகாட்டி இதொண்டும் சொல்லமாட்டான், எங்கட சாமானை நாங்கள்தான் தேடிப் பாக்கவேணும்” என்று அவன் முடித்தபோது பலத்த கைதட்டல் எழுந்தது.

வண்டி பொலனறுவையை அடைந்தபோது மணி ஒன்பதை நெருங்கிவிட்டது. வழிகாட்டி வாயிலருகே மரநிழலில் நின்றிருந்தார். வயது அறுபதுக்கு மேலிருக்கும். வெள்ளைச் சட்டை, கையிலே கறுப்புக் குடை, தோளில் ஒரு துணிப்பை. கைக்கடிகாரத்தை ஒருமுறை பார்த்தாரேயன்றிக் கடிந்து ஒன்றும் கூறவில்லை. அவர் தமிழிலேயே பேசினார். இளமையில் வாழைச்சேனைக் காகித ஆலையில் வேலை செய்தபோது உடன் வேலை செய்தவர்களிடம் கற்ற தமிழ் அது. மட்டக்களப்பு ஓசையும் சிங்களச் சொற்களும் அதிற் கலந்திருந்தன. ஆண்பிள்ளைகளைப் ‘புதா’ என்றும் பெண்பிள்ளைகளைத் ‘துவ’ என்றும் அவர் அழைத்தார். மாணவர் அவரை ‘ஐயா’ என்றனர்.

முதலிற் பராக்கிரமபாகுவின் அரண்மனை. 1153 தொடக்கம் 1186 வரை ஆண்ட அவ்வரசனின் மாளிகை ஏழு மாடிகளும் ஆயிரம் அறைகளும் கொண்டதென்று சூளவம்சம் கூறும். இன்று எஞ்சியிருப்பன செங்கற் சுவர்கள் மட்டுமே. அங்கிருந்து மாணவர் நாற்சதுர முற்றமாகிய தலதா மளுவைக்கு வந்தனர். பாதணிகளைக் கழற்றி வைத்ததும் மணலின் சூடு உள்ளங்காலைத் தொட்டது. வட்டதாகேயின் சந்திரவட்டக்கல்லைக் கண்டனர். நிசங்கமல்லன் தன் புகழைத் தானே பொறிப்பித்து வைத்த, எட்டு மீற்றர் அளவு நீளமான கல்பொத்தவைக் கண்டனர். கைபேசிகள் ஓயாது படம் பிடித்தன. யாழ்ப்பாணத்து மாணவன் மட்டும் எதிலும் மனஞ் செலுத்தாது, இவர் எங்கே எதனை மறைக்கப் போகின்றார் என்று காத்திருப்பவன்போல் வழிகாட்டியின் பின்னே நடந்தான்.

விஜயபாகு கட்டுவித்த அடதாகேயில் இன்று கற்றூண்களே மிஞ்சியுள்ளன. அதன் அருகே நிமிர்ந்து நின்ற ஒரு கற்பலகையின் முன் வழிகாட்டி நின்றார். ஏனைய இடங்களில் நின்றதிலும் சற்று விலகி, மாணவருக்கு வழிவிட்டு நின்றார்.

“இது உங்கட பாஷை. எவ்வளவோ வருஷமா வாறவங்களுக்கு இதைப்பற்றிச் சொல்லுறன். ஆனா எனக்கு வாசிக்கத் தெரியாது. இண்டைக்கு நீங்க வாசியுங்க, புதா, நான் கேக்கிறன்.”

அக்கூற்றிலே ஏளனம் சிறிதும் இருக்கவில்லை. நெடுநாட் காத்திருந்து பெற்ற வாய்ப்பெனவே அவர் அதனைக் கருதினார் என்பது முகத்திற் புலனாயிற்று. எல்லோருடைய பார்வையும் யாழ்ப்பாணத்து மாணவன்மேற் சென்றது. அவன் கல்லை நெருங்கிக் குனிந்தான். ககரம்போல் ஒன்று, டகரம்போல் ஒன்று, பகரமோ மகரமோ என்று துணிய முடியாத ஒன்று. புள்ளிகள் இல்லை, ஆகவே மெய்யெது, உயிர்மெய்யெது என்பது தெரியவில்லை. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடில்லை. வடசொற்கள் வரும் இடங்களிற் கிரந்த எழுத்துகள் குறுக்கிட்டன. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி விடும் வழக்கமும் அக்காலத்தில் இருக்கவில்லை. மூன்றெழுத்தைக் கூட்டினான், சொல் வரவில்லை. மறுபடியும் கூட்டினான். முதல் வகுப்புப் பிள்ளை கரும்பலகையின் முன் நிற்பதுபோல் அவன் நின்றான். பின்னே நின்றவர்களில் ஒருவருக்கும் சிரிக்கத் தோன்றவில்லை. அவர்களுள் தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயில்வோர் ஐவர் இருந்தனர்.

மெளனத்தைக் கலைத்தவர் வழிகாட்டியே. “ஏழரைக்கு வாங்க எண்டு இதுக்காகத்தான் சொன்னன். காலை வெயில் சாய்ஞ்சு விழும். அப்ப ஒவ்வொரு எழுத்துக்குள்ளையும் நிழல் விழும். வெயில் உச்சிக்குப் போனா எழுத்து கல்லோட கல்லாப் போயிடும்” என்றார்.

பின்னர் அவர் குடையை விரித்துக் கல்லின் ஒரு பகுதிக்கு நிழல் செய்தார். கைபேசி விளக்கைக் கல்லுக்கு நேராகப் பிடிக்காமல், பக்கத்திலிருந்து கல்லின் முகத்தைத் தடவிச் செல்லுமாறு பிடிக்கச் சொன்னார். மன்னாரைச் சேர்ந்த மாணவியொருத்தி அவ்வாறே பிடித்தாள். அதுவரை சிதைவெனத் தோன்றிய பரப்பிலிருந்து கோடுகள் மெல்ல மேலெழுந்தன. தொடாமல், விரலைச் சற்று எட்ட வைத்தே, “இந்த இடத்தில ஒரு சொல் இருக்குது எண்டு எனக்கு வேலை பழக்கின பெரியவர் காட்டினவர்” என்றார் வழிகாட்டி.

அம்மாணவி வகரத்தைக் கண்டாள். அதற்கு முன்னே ஒரு கொம்பு. பின்னர் இரண்டு கொம்புகள், அவற்றையடுத்து ளகரம். அக்கால எழுத்தில் ஐகாரம் இரட்டைக் கொம்பாக எழுதப்படும் என்று வகுப்பிற் கேட்டிருந்தது அப்போதுதான் அவள் நினைவுக்கு வந்தது. ககரங்கள் இரண்டு, காலோ ரகரமோ என மயங்கும் ஓர் எழுத்து. பல நிமிடங்களின் பின் அவள் தயங்கித் தயங்கிக் கூறினாள்: “வேளைக்கார…”

“அதுதான் துவ, அதுதான்!” என்றார் வழிகாட்டி. வாசித்தவளினும் அவருக்கே மகிழ்ச்சி மிகுதியாக இருந்தது.

பின்னர், தாம் வாசித்தறியாத அச்சாசனத்தின் பொருளை அவர் விளக்கினார். வேளைக்காரர் என்போர் தம் தலைவனுக்காக உயிரையும் ஈவதாக உறுதி பூண்ட படையினர். 1055 தொடக்கம் 1110 வரை ஆண்ட விஜயபாகு புத்தரின் தந்ததாதுவுக்கு இங்கு ஒரு கோயில் எடுப்பித்தான். அக்கோயிலையும் அதன் உடைமைகளையும் தம் வமிசம் உள்ளவரை காப்பதாக வேளைக்காரப் படையினர் ஒன்றுகூடி ஏற்றுக்கொண்டதையே இக்கல் கூறுகின்றது. அவ்வுறுதியை அவர்கள் தமிழிலேயே பொறித்தனர்.

“தமிழ்ப் படையோ தலதாவுக்குக் காவல்?” என்று யாழ்ப்பாணத்து மாணவன் கேட்டான். பஸ்வண்டியில் ஒலித்த குரல் அதில் இல்லை.

“இன்னும் இருக்குது, கேளுங்க” என்றார் அவர். சோழரோடு போரிடச் செல்லுமாறு விஜயபாகு கட்டளையிட்டபோது மறுத்துக் கிளர்ந்தெழுந்தவர்களும் வேளைக்காரரே. அரசனின் மாளிகைக்கு அவர்கள் தீயிட்டமையையும், அரசன் அக்கிளர்ச்சியைக் கொடுமையாக அடக்கியமையையும் சூளவம்சம் கூறுகின்றது. அத்தகைய படையிடமே பின்னர் நாட்டின் தலையாய பெளத்த சின்னத்தின் காவல் ஒப்படைக்கப்பட்டது.

குடையை மடக்கியவாறே அவர் மேலும் சொன்னார்: “எங்கட ஆக்கள் சிலர் வருவாங்க, தமிழ்க் கல் எண்டு சொன்ன உடனே அங்கால போயிடுவாங்க. உங்கட ஆக்கள் சிலர் வருவாங்க. தமிழ்க் கல் எண்டு படம் எடுத்துக்கொண்டு போயிடுவாங்க. ரெண்டு பேரும் இதில என்ன எழுதியிருக்குது எண்டு கேக்கிறதில்ல.”

இதனை அவர் குற்றச்சாட்டாகக் கூறவில்லை. நாள்தோறும் காணும் ஒன்றைக் கூறுபவர் போலவே கூறினார். எனினும் சில நிமிடங்களுக்கு முன்னர் அக்கல்லைப் படம் பிடித்தவர்கள் தம் கைபேசிகளை மெல்லப் பைக்குள் வைத்துக்கொண்டனர்.

நாற்சதுர முற்றத்துக்கு அப்பால், வடகிழக்கே, இரண்டாம் இலக்கச் சிவாலயம் உள்ளது. பொலனறுவையில் இன்று முழு உருவோடு நிற்கும் கட்டடங்களுள் இதுவே மிகப் பழையது எனப்படும். இராஜராஜனின் தேவியும் இராஜேந்திரனின் தாயுமான வானவன் மாதேவியின் பெயரால் ‘வானவன் மாதேவி ஈஸ்வரம்’ எனப்பட்ட சோழர் கோயில் அது. இதன் முன்னே ஆற்றுவதற்கென்றே யாழ்ப்பாணத்து மாணவன் ஓர் உரையை ஆயத்தஞ் செய்து வைத்திருந்தான் என்பது நண்பர்களுக்குத் தெரியும். வழிகாட்டி எதனையும் மறைக்கவில்லை. கோயிலின் பெயர், தேவியின் பெயர், சுவரிலுள்ள அதிராஜேந்திரன் காலத்துச் சாசனம் ஆகிய யாவற்றையும் அவரே எடுத்துரைத்தார். பின்னர் மாணவனைப் பார்த்து, “நீங்க ஏதும் சொல்லுங்க, புதா” என்றார்.

அவன் தலையை அசைத்து மறுத்தான். கைபேசி விளக்கை ஏற்றி, அடிச்சுவரின் வரிகள்மேற் சாய்வாகப் பிடித்துக்கொண்டு, கோயிலை மெதுவாக ஒருமுறை சுற்றி வந்தான். மன்னார் மாணவி குறிப்புப் புத்தகத்தோடு உடன் சென்றாள். இலிங்கத்தின் முன், வெள்ளை உடுத்த சிங்களப் பெண்ணொருத்தி தாமரைப் பூக்களை வைத்துச் சிறு விளக்கொன்றை ஏற்றிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அச்சுவரின் எழுத்துத் தெரியாது. தெரியவில்லையே என்று அவள் வருந்தியதாகவும் காணப்படவில்லை. அவளுடைய உரிமை வழிபாட்டினால் வந்தது. தமக்கு இக்கோயிலில் உள்ள உரிமை எதனால் வந்தது என்னும் கேள்வி, சுவரோரம் குனிந்து நின்றவர்களுக்கு எழாமலிருக்க முடியாது.

பிற்பகலிற் கல்விகாரைக்குச் சென்றனர். ஒரே பாறையில் வடித்த, பதினான்கு மீற்றர் அளவு நீளமான கிடந்த திருவுருவத்தின் முன்னர் நெடுநேரம் அமர்ந்திருந்தனர். திரும்பும் வழியில் வண்டிக்குள் வழக்கமான பாட்டும் தாளமும் இருந்தன. ஆனால் ஹபரணையில் எவரும் எழுந்து நின்று பேசவில்லை.

அடுத்த வாரத்திலே நால்வர் நூலகத்தில் ‘எபிகிராபியா செய்லனிக்கா’வின் இரண்டாம் தொகுதியைத் தேடி எடுத்தனர். டொன் மார்ட்டினோ த சில்வா விக்கிரமசிங்க பதிப்பித்த அத்தொகுதியில், வேளைக்காரர் சாசனத்தின் வாசகம் வரி வரியாக அச்சிடப்பட்டிருந்தது. கற்பலகையின் முன் ஒரு சொல்லைக் கூட்டுவதற்குப் பட்ட பாட்டை நினைக்கையில், அவ்வச்சுப் பக்கம் அவர்களுக்குப் பெருங்கொடையாகத் தோன்றிற்று. தமிழ்க் கல்லைச் சிங்கள அறிஞர் ஒருவர் அரிதின் வாசித்துப் பதிப்பித்திருந்தார் என்பதும் அவர்கள் கருத்திற்படாமற் போகவில்லை. வாசகத்துள் மேலும் ஒரு செய்தி கிடைத்தது. உறுதி கூறியவர் பட்டியலில் வலங்கை, இடங்கை என்போருடன் வடுகர், மலையாளர் முதலியோரும் இடம்பெறுகின்றனர். ‘தமிழ்ப் படை’ என்று அவர்கள் எளிதிற் கூறிய சொல்லும் அக்கல்லின் முன் போதாதாயிற்று. கல்லின் மொழி தமிழ். ஆனால் அதிலே பெயர் பொறித்தோர் பல இடத்தினர். அவர்கள் காத்ததோ பெளத்தக் கோயில். அக்கற்பலகையின் எப்பகுதியை விலக்கிவிட்டு எப்பகுதியை எமது என்பது?

சாசன எழுத்துகளைப் பயில்வதற்கு வாரந்தோறும் ஒரு மாலையிற் கூடலாம் என்று மன்னார் மாணவி அறிவித்தல் ஒட்டினாள். முதல் நாள் பதினொருவர் வந்தனர். நான்காம் வாரம் மூவரே வந்தனர். அம்மூவருள் யாழ்ப்பாணத்து மாணவனும் ஒருவன். இப்போது அவர்களால் ஒரு வரியை ஏறத்தாழக் கால் மணி நேரத்தில் வாசிக்க முடிகின்றது, பிழைகளும் நேர்கின்றன. சாசனத்தின் ஒரு பகுதியை இக்கால எழுத்தில் எழுதி, பொருளையும் ஆங்கிலத்திற் சேர்த்து வழிகாட்டிக்கு அனுப்பினர். அவர் தொலைபேசியில் அழைத்து, அதைத் தம் துணிப்பையில் வைத்திருப்பதாகக் கூறினார். மறுபடியும் வந்து கல்லின் முன்னேயே முழுவதையும் வாசித்துக் காட்ட வேண்டுமென்றும் கேட்டுக்கொண்டார்.

வருகின்றோம் என்று வாக்களித்துள்ளனர். இம்முறை பஸ்வண்டி அதிகாலை இரண்டரை மணிக்கே புறப்பட வேண்டுமென்றும், தம்புள்ளையில் தேநீருக்கு நிறுத்துவதில்லையென்றும் முடிவு செய்யப்பட்டுள்ளது.