அன்று நான் சொன்ன 'சபூர்'



இதை எழுதலாமா என்று பல நாள் யோசித்தேன். அந்தச் சகோதரியின் சம்மதத்தோடு, அடையாளங்களை மாற்றி எழுதுகிறேன்.

என் வகுப்பில் ஒரு பிள்ளை. கரும்பலகையை அழிக்க நான் கையைத் தூக்கினாலே தலையை மூடிக்கொள்வான். உம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். "ஊருக்கெல்லாம் நல்ல மனிசன் டீச்சர். வீட்டுக்குள்ள வந்தா வேற ஆள். சோத்துல உப்புக் கூடினாலும் அடி. பிறகு, 'நீதான் என்னை அடிக்க வெச்சாய்' எண்டு சொல்லுவாரு" என்றார்.

நான் சொன்னது: "சபூர் செய்யுங்க. பிள்ளையைப் பாருங்க."

சில மாதம் கழித்துக் கையில் கட்டோடு வந்தார். "போனில ஒரு வீடியோ பார்த்தன். நாசிசிஸ்ட் எண்டு சொல்றாங்க, தன்னைத் தவிர ஆரையும் மதிக்காத ஆக்களாம். இவருக்கும் அந்த வருத்தம்தானா டீச்சர்?"

கலாசாலையில் கொஞ்சம் உளவியல் படித்த என்னால் அதைச் சொல்ல முடியாது. நேரில் பரிசோதிக்கும் மனநல வைத்தியர்தான் சொல்ல வேண்டும். தற்பெருமை உள்ளவரெல்லாம் அடிப்பதில்லை. அடிப்பவரெல்லாம் நோயாளியும் இல்லை. ஆனால் ஒன்று கேட்டேன்: "வேலை செய்யிற இடத்தில கோபம் வந்தா மேலதிகாரிக்கு அடிக்கிறாரா?" இல்லை என்றார். அப்படியென்றால் கையை அடக்க அவருக்குத் தெரியும். வீட்டில்தான் அடக்குவதில்லை.

அடியை நிறுத்த நோயின் பெயர் தேவையில்லை. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் அடியை மட்டுமல்ல, தொடர்ந்து கேவலப்படுத்தி மனதை வதைப்பதையும் வன்முறை என்கிறது. நீதவான் நீதிமன்றத்தில் 12 மாதம் வரை பாதுகாப்புக் கட்டளை பெறலாம். பாதிக்கப்பட்டவருக்காகப் பொலிசாரும் விண்ணப்பிக்கலாம். இதற்காக விவாகரத்து எடுக்க வேண்டியதில்லை. விண்ணப்பித்ததற்காகக் கணவன் சிறைக்குப் போவதுமில்லை. கட்டளையை மீறினால்தான் தண்டனை. "புள்ளைகள்ட வாப்பா ஜெயிலுக்குப் போயிடுவாரே" என்ற பயத்தில்தான் பலர் வாய் திறப்பதில்லை.

நபி (ஸல்) அவர்கள் எந்தப் பெண்ணையும் கைநீட்டி அடித்ததில்லை என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். நம் வீடுகளில் சபூர் எப்போதும் அடி வாங்குபவருக்கு மட்டுமே சொல்லப்படுகிறது. அடிப்பவரிடம் யாராவது சொன்னோமா? நானும் சொல்லவில்லை. அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும்.

நாளை உங்கள் வாசலில் ஒரு மகளோ தங்கையோ அழுதுகொண்டு நின்றால், அறிவுரையைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். "இண்டைக்கு ராவைக்கு எங்க தங்கப் போறாய்?" என்று முதலில் கேளுங்கள். மகளிர் உதவி இலக்கம் 1938, பொலிஸ் அவசர இலக்கம் 119. இரண்டையும் போனில் பதிந்து வையுங்கள்.