'ஹாவ்' என்ற வினையும் எங்கள் 'இரு'வும்



ஆங்கிலப் பாடம் என்றதும் முகம் வாடுகிற பிள்ளைகளிடம் நான் முதலில் ஒரு கேள்வி கேட்பதுண்டு. 'எனக்கு ஒரு தங்கை இருக்கிறாள்' என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வீர்கள்? சிலர் 'ரு மீ' என்று தொடங்கித் தடுமாறுவார்கள். இது கெட்டித்தனம் குறைந்ததால் வருவதல்ல. தமிழ் வாக்கியத்தில் 'தங்கை' எழுவாய், 'எனக்கு' நான்காம் வேற்றுமை, 'இரு' வினை. ஆங்கிலத்திலோ 'நான்' எழுவாயாகி விடுகிறது: 'ஐ ஹாவ் எ சிஸ்ரர்'. இந்த இடமாற்றத்தை விளங்கிக் கொண்டால் பாதி வேலை முடிந்தது. இனி 'ஹாவ்' செய்யும் நான்கு வேலைகளைப் பார்ப்போம்.

1. உடைமை, உறவு, நோய்: 'ஐ ஹாவ் எ பைசிக்கிள்', 'ஷீ ஹாஸ் எ ஃபீவர்'. இங்கே 'ஐ ஆம் ஹாவிங் எ சிஸ்ரர்' என்று எழுதாதீர்கள். 'வருகிறாள்' என்பதைப் போலவே 'இருக்கிறாள்' என்பதும் ஒலிப்பதால் நமக்கு 'இங்' சேர்க்கத் தோன்றுகிறது. ஆனால் தங்கை இருப்பது ஒரு நிலை, நடந்து கொண்டிருக்கும் செயலல்ல.

2. உண்ணல், குளித்தல் போன்ற செயல்கள்: 'ஹாவ் லன்ச்', 'ஹாவ் எ பாத்'. இவை செயல்கள். ஆகவே 'வீ ஆர் ஹாவிங் லன்ச்' என்பது சரியே.

3. கட்டாயம்: 'ஐ ஹாவ் ரு கோ' என்றால் 'எனக்குப் போக வேண்டியிருக்கிறது'. எதிர்மறையில் கவனமாக இருங்கள். 'யூ டோன்ற் ஹாவ் ரு கோ' என்றால் போகத் தேவையில்லை, விரும்பினால் போகலாம். 'யூ மஸ்ற் நொற் கோ' என்றால் போகவே கூடாது. இரண்டையும் மாற்றி எழுதினால் கருத்தே மாறிவிடும்.

4. பிரசன்ற் பெர்ஃபெக்ற்: 'ஐ ஹாவ் ஈற்றன்', அதாவது 'சாப்பிட்டிருக்கிறேன்'.

இப்போது தமிழ் வாக்கியங்களைத் திரும்பப் பாருங்கள். தங்கை இருக்கிறாள், போக வேண்டியிருக்கிறது, சாப்பிட்டிருக்கிறேன். நான்கில் மூன்று வேலைகளை நமது 'இரு' ஏற்கெனவே செய்து கொண்டிருக்கிறது! பழைய ஆங்கிலத்தில், 'எழுதி முடித்த நிலையில் கடிதம் என்னிடம் உண்டு' என்பது போன்ற உடைமை வாக்கியங்களிலிருந்தே இந்த நான்காவது பயன்பாடு வளர்ந்தது. ஆகவே ஒரே சொல் இத்தனை இடங்களில் வருவதைப் பார்த்து மிரள வேண்டாம்.

இதைப் புள்ளிக்காக மட்டும் நான் சொல்லவில்லை. சில வருடங்களுக்கு முன் என் அம்மாவை நெஞ்சு நோவுடன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். வைத்தியருக்குத் தமிழ் தெரியாது. எனக்குச் சிங்களம் தெரியாது. இடையில் இருந்தது ஆங்கிலம் மட்டுந்தான். 'எப்போதிருந்து நோகிறது?' என்று அவர் கேட்டதை அம்மாவிடம் சொன்னேன். 'மூண்டு நாளா இருக்கு, பிள்ளை' என்றார். நான் 'ஷீ ஹாஸ் ஹாட் த பெயின் ஃபோர் த்ரீ டேய்ஸ்' என்றேன். அடுத்த கேள்வியே இல்லாமல் ஈ.சி.ஜி. எடுக்கச் சொன்னார்.

அந்த 'ஹாஸ்' என்ற சொல்லை விட்டுப் பாருங்கள். 'ஷீ ஹாட் த பெயின் ஃபோர் த்ரீ டேய்ஸ்' என்றால், நோ மூன்று நாள் இருந்து பின் போய்விட்டது என்றே கேட்பவர் எடுத்துக்கொள்வார். 'ஹாஸ் ஹாட்' என்றால் அன்று தொடங்கியது இப்போதும் இருக்கிறது. அம்மாவின் 'இருக்கு' என்ற சொல்லில் இருந்ததும் அதுதான். அம்மா இன்றும் மாத்திரை எடுத்துக் கொண்டு எங்களுடன் இருக்கிறார். பல்கலைக்கழகத்தில் எத்தனையோ நூல்கள் படித்தேன். அன்று கைகொடுத்தது சாதாரண தரத்தில் படித்த இந்த இலக்கணந்தான்.

உங்களுக்கும் அப்படி ஒரு நாள் வரலாம். வீட்டில் ஆங்கிலம் படித்தவர் நீங்கள் ஒருவராகவே இருக்கலாம். அம்மாவுக்காகவோ அப்பப்பாவுக்காகவோ நீங்கள்தான் பேச வேண்டியிருக்கும்.

பயிற்சி: இன்றிரவு வீட்டார் பேசுவதைக் கவனித்து, 'இருக்கு' என்று முடியும் ஐந்து வாக்கியங்களைக் கொப்பியில் எழுதுங்கள். ஒவ்வொன்றும் உடைமையா, கட்டாயமா, முன்பு தொடங்கி இன்னும் தொடர்வதா என்று பக்கத்தில் குறியுங்கள். பின்பு ஆங்கிலத்தில் மாற்றுங்கள். 'மேசையில் புத்தகம் இருக்கு' என்பது போல இடத்தை மட்டும் சொல்லும் வாக்கியம் வந்தால் அதற்கு 'ஹாவ்' வராது. 'தெயர் இஸ்' என்று எழுதுங்கள்.

பரீட்சையில் சித்தியடைய வாழ்த்துகிறேன்.