எங்கள் மல்கோவா

'மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான்' என்பார்கள். நாங்களும் ஊற்றினோம்! எட்டாம் வகுப்பில் காசு சேர்த்து, வண்டியில் விற்று வந்தவரிடம் மல்கோவா ஒட்டுக்கன்று வாங்கிப் பள்ளித் தோட்டத்தில் நட்டோம். கன்று தழைத்தது, மகிழ்ந்தோம். இவ்வாண்டு புதிதாக வந்த தோட்டக்காரத் தாத்தா குனிந்து பார்த்தார். "ஒட்டு அப்பவே பட்டுப்போச்சு அம்முணி. இது ஒட்டுக்குக் கீழே வந்த துளிருங்க. அதை அப்பப்போ கிள்ளியிருக்கோணும்" என்றார். கேட்கலாமென்றால் வண்டிக்காரரை எங்கே தேடுவது?

பிறருக்கும் இந்நிலை வரலாகாது என்று ஒரு நோட்டுப் புத்தகம் தொடங்கினோம். சனிக்கிழமைதோறும் பெற்றோருடன் சென்று, அருகிலுள்ள நாற்றுப் பண்ணைகளைப் பார்த்து எழுதினோம். எந்தப் பேருந்து நிறுத்தம்? என்ன கன்று கிடைக்கும்? சந்தேகம் கேட்டால் சொல்வார்களா? முதல் பக்கத்தில், 1971 முதல் பல்கலைக்கழகமாக விளங்கும் லாலி சாலை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தை எழுதினோம்.

கல்லாறு மலையடிவாரத்தின் ஈரத்தில் மங்குஸ்தான் காய்க்கும். பல்லடத்து வெயிலில் காய்க்குமா? நம் மண்ணறிந்த பண்ணைக்காரரே அதைச் சொல்ல வல்லவர்.

நோட்டு இப்போது நூலகத்தில் உள்ளது. மாமரத்தையும் நாங்கள் வெட்டவில்லை. தாத்தா அதிலேயே மல்கோவா ஒட்டுக் கட்டியிருக்கிறார். அது காய்க்கும்போது நாங்கள் இங்கிருக்க மாட்டோம். தண்ணீர் ஊற்றுங்கள், தங்கைகளே!