‘கெட்’ என்னும் சிறு சொல்

நீண்ட சொற்களே அயல்மொழி கற்போரை அச்சுறுத்துவன என்று பலரும் எண்ணுவர். ஆங்கிலம் கற்கும் துருக்கி நாட்டு மாணவனின் நிலை இதற்கு நேர்மாறானது. பல எழுத்துகளால் ஆன அறிவியற் கலைச்சொல்லுக்கு அவன் அஞ்ச வேண்டியதில்லை. அதற்கு அகராதியில் பெரும்பாலும் ஒரே பொருள்தான் இருக்கும். ஒருமுறை மனத்தில் பதித்துக்கொண்டால் போதும். அவனைத் தடுமாற வைப்பது, ஆங்கிலத்தில் மூன்றே எழுத்துகளில் அடங்கும் ‘கெட்’ என்னும் வினைச்சொல்லே ஆகும். ‘காந்தி’ என்னும் பெயரின் முதலெழுத்தைப் போல மெலிந்து தொடங்கும் இச்சொல், ஆங்கிலக் குழந்தையின் நாவில் மழலைப் பருவத்திலேயே ஏறிவிடுகிறது. அயல்நாட்டு மாணவனுக்கோ பல்லாண்டுகள் பயின்ற பின்னரும் அது வசப்படுவதில்லை.

‘கெட்’ ஆங்கில மண்ணில் முளைத்த சொல் அன்று. ஸ்காண்டிநேவிய நாடுகளிலிருந்து கடல் கடந்து வந்து இங்கிலாந்தில் குடியேறியவர்களின் பழைய நார்ஸ் மொழி தந்த கொடை அது. அம்மொழியில் ‘கெத்தா’ என்பதற்குப் பெறுதல், அடைதல் என்பன பொருள். மகவைப் பெறுதலையும் அதே சொல் குறித்தது. தமிழிலும் ‘பெறு’ என்னும் வினை, பொருள் பெறுதலையும் பிள்ளை பெறுதலையும் ஒருங்கே சுட்டுகிறது. ‘பெற்றோர்’ என்னும் சொல் அதன் வழியே பிறந்தது. ஆனால் தமிழின் ‘பெறு’ ஓர் எல்லைக்குள் நின்றது. ஆங்கிலத்தின் ‘கெட்’ எல்லை கடந்தது. ஒரு பொருளை அடைதல் அதன் முதற்பொருள். பொருளை அடைவது போலவே ஓர் ஊரை அடைதலும், ஊரை அடைவது போலவே ஒரு நிலையை அடைதலும், கேட்ட செய்தியின் உட்கருத்தை அடைதலும் பின்னர் அதன் பொருள்களாயின. வேர் ஒன்றுதான், கிளைகள் பல.

துருக்கி மொழியில் இக்கிளை ஒவ்வொன்றும் தனி மரம். கடிதம் கைக்குக் கிடைத்தால் ‘அல்மக்’, ஓர் இடத்தைச் சென்று சேர்ந்தால் ‘வர்மக்’, செய்தி விளங்கினால் ‘அன்லமக்’, குடிக்க நீர் கொண்டுவரும்படி வேண்டினால் ‘கெத்திர்மெக்’, படுக்கையை விட்டு எழுந்தால் ‘கல்க்மக்’, பேருந்தில் ஏறினால் ‘பின்மெக்’, இறங்கினால் ‘இன்மெக்’. (இறுதியில் வரும் விகுதி, முன்னுள்ள உயிரின் ஓசைக்கேற்ப ‘மக்’ என்றோ ‘மெக்’ என்றோ அமையும்.) ஏறுதலும் இறங்குதலும் ஒன்றற்கொன்று எதிரான செயல்கள். ஆங்கிலேயர் இரண்டிடத்தும் ‘கெட்’ என்பதையே வைத்து, ‘ஆன்’, ‘ஆஃப்’ என்னும் துணைச்சொல்லை மட்டும் மாற்றிக்கொள்கின்றனர். வினைச்சொல்லே செயலை உணர்த்த வேண்டும் என்னும் மரபில் வளர்ந்தவன் துருக்கிய மாணவன். வினை வாளாவிருக்க, அதனை ஒட்டி வரும் சிறுசொல் பொருளுரைப்பது அவனுக்குப் புதுமையாக இருக்கிறது.

இவ்விடர்ப்பாட்டின் காரணம் துருக்கி மொழியின் அமைப்பிலேயே இருக்கிறது. அது ஒட்டுநிலை மொழி. அடிச்சொல்லோடு விகுதிகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்துப் புதுப்பொருள் ஆக்கிக்கொள்ளும் ஆற்றல் அதற்கு உண்டு. ‘எவ்’ என்றால் வீடு. ‘எவ்லென்மெக்’ என்றால் திருமணம் செய்துகொள்ளல். மணவாழ்வை ‘இல்லறம்’ என்று வழங்கும் தமிழ்ச் செவிக்கு இச்சொல்லாக்கம் இனிக்கும். ‘ஹஸ்தா’ என்றால் நோயுற்றவர். ‘ஹஸ்தாலன்மக்’ என்றால் நோயுறுதல். ‘ஸெங்கின்’ என்றால் செல்வர். ‘ஸெங்கின்லெஷ்மெக்’ என்றால் செல்வராதல். இம்மூன்றையும் ஆங்கிலம் ‘கெட்’ என்னும் ஒரே வினையைக் கொண்டு நடத்திவிடும். பிறவினைக்கும் இதுவே நிலை. ‘கெஸ்மெக்’ என்றால் வெட்டுதல். ‘கெஸ்திர்மெக்’ என்றால் பிறரைக் கொண்டு வெட்டுவித்தல். தமிழில் ‘செய்’ என்பது ‘செய்வி’ என்றாவது போன்ற இயல்பான மாற்றம் இது. முடிதிருத்துவோரிடம் முடி வெட்டிக்கொண்டதைச் சொல்ல ஆங்கிலேயருக்கு மீண்டும் ‘கெட்’ வேண்டும். துருக்கியர் விகுதியால் முடிக்கும் வேலையை ஆங்கிலேயர் தனிச்சொல்லால் முடிக்கின்றனர்.

திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856ஆம் ஆண்டில் வெளியிட்ட கால்டுவெல், அம்மொழிகளைத் துருக்கி மொழியும் அடங்கும் சித்தியக் குழுவோடு உறவுபடுத்தினார். அவ்வுறவை இன்றைய மொழிநூலார் ஏற்பதில்லை. எனினும், அவரை அவ்வாறு எண்ண வைத்த அமைப்பொற்றுமை கண்கூடு. வினை இறுதியில் நிற்பதும், உருபுகள் பெயருக்குப் பின் வருவதும், விகுதி மேல் விகுதி ஏறுவதும் இரு மொழிக்கும் பொதுவானவை. எனவே துருக்கிய மாணவனின் தடுமாற்றம் தமிழ் மாணவனுக்கு அயலானது அன்று.

துருக்கியில் ஆங்கிலம் இன்று ஏட்டளவில் நிற்கும் பாடம் அன்று. 1997ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தம் அதனைத் தொடக்கப்பள்ளியின் நான்காம் வகுப்பிலேயே புகுத்தியது. 2013ஆம் ஆண்டு முதல் இரண்டாம் வகுப்பிலேயே அது தொடங்குகிறது. அதே ஆண்டில் நடைமுறைக்கு வந்த அயல்மொழித் தேர்வு 80 வினாக்களைக் கொண்டது. முனைவர் பட்ட வகுப்பில் சேரவும் பல்கலைக்கழகப் பணியில் உயரவும் விரும்புவோர் அதில், அல்லது அதற்கு இணையான வேறொரு தேர்வில், தகுதி பெற்றாக வேண்டும். வினையும் துணைச்சொல்லும் இணைந்த தொடர்கள் அங்கு வினாக்களாக வரும். மருத்துவமோ பொறியியலோ கற்றுத் தேர்ந்த ஒருவரை ‘கெட் ஓவர்’ என்பதும் ‘கெட் த்ரூ’ என்பதும் வாயிலிலேயே நிறுத்திவிடக் கூடும்.

வகுப்பறையில் விளையும் பிழைகளும் எண்ணத்தக்கவை. ‘அல்மக்’ என்பதற்குப் பெறுதல், எடுத்தல், வாங்குதல் என்னும் பொருள்கள் உண்டு. ஆதலால் நண்பனிடமிருந்து கடிதம் வந்தது என்று எழுத விரும்பும் மாணவன், எடுத்தலைக் குறிக்கும் ‘டேக்’ என்னும் ஆங்கில வினையை இட்டுவிடுகிறான். நண்பன் கையிலிருந்த கடிதத்தை இவன் எடுத்துக்கொண்டான் என்றே படிப்பவர் பொருள் கொள்வார். எழுதியவன் அறிவிலி அல்லன். தன் தாய்மொழிக்கு உண்மையாக இருந்தவன். அவன் தாளில் சிவப்புக் கோடு இடும் ஆசிரியர், கோடு இடுவதோடு நின்றுவிட்டால் பிழையின் வேர் அப்படியே கிடக்கும்; மாணவனோ தன்னை மந்தபுத்தி உடையவன் என்று நம்பத் தொடங்குவான். ஒரு மொழியில் தெளிவாகச் சிந்திப்பவன் மற்றொரு மொழியில் ஊமையாகி நிற்பது சிறிய துன்பம் அன்று.

ஒலியிலும் ஒரு வேடிக்கை உண்டு. துருக்கி மொழியில் ‘கித்’ என்றால் போ. ‘கெத்திர்’ என்றால் கொண்டு வா. துருக்கி மொழிக்கு நெருங்கிய உறவுடைய அஸர்பைஜான் மொழியிலோ ‘கெத்’ என்பதே போ என்னும் ஏவலாகும். நீர் கொண்டுவரச் சொல்லுமிடத்து ஆங்கிலச் சொல்லும் துருக்கியச் சொல்லும் ஒலியாலும் பொருளாலும் நெருங்கி நிற்கின்றன. இது தற்செயலான ஒற்றுமையே, உறவு அன்று. ஆயினும் இளஞ்சிறாரின் நினைவில் சொல்லைப் பதிய வைக்க நல்லாசிரியருக்கு இதுவும் ஒரு கருவியாகும்.

பல பொருள் ஒரு சொல் ஆங்கிலத்துக்கு மட்டும் உரியதா என்றால், இல்லை. துருக்கியர் நாள்தோறும் வழங்கும் ‘செக்மெக்’ என்பதற்கு இழுத்தல் என்பது பொருள். அவர்கள் நிழற்படத்தையும் ‘இழுக்கின்றனர்’, துயரத்தையும் ‘இழுக்கின்றனர்’, தேர்வில் பார்த்து எழுதும் மாணவனும் ‘இழுக்கிறான்’. ‘யெமெக்’ என்றால் உண்ணுதல். துருக்கியச் சிறுவன் அடியை உண்கிறான். தமிழ்ச் சிறுவன் அடி வாங்குகிறான். ஆங்கிலச் சிறுவனுக்கு அங்கும் ‘கெட்’ வந்து நிற்கிறது. வலி ஒன்றே, வினைதான் வேறு. ‘கெச்சின்மெக்’ என்னும் துருக்கியச் சொல் பிறரோடு ஒத்து வாழ்தலையும், உள்ளதைக் கொண்டு காலந்தள்ளுதலையும் ஒருசேரக் குறிக்கும். ஆங்கிலத்தில் முன்னது ‘கெட் அலாங்’. பின்னது ‘கெட் பை’. இங்கே ஒரு சொல்லை வைத்து இரண்டு பொருளை நடத்துபவர் துருக்கியர். அவற்றைப் பிரித்துக் கற்க வேண்டியவர் ஆங்கிலேயர். தமிழிலும் நிகண்டு செய்தோர் ஒரு சொற் பல்பொருட்குத் தனித்தொகுதியே வகுத்தனர்.

ஆகவே, மாணவனுக்கு முதலில் உணர்த்த வேண்டியது இதுதான்: அவன் அஞ்சும் பொருட்பெருக்கம் அவனுடைய தாய்மொழியிலும் உண்டு, பழகிய காரணத்தால் அது அவன் கண்ணுக்குப் புலப்படவில்லை. அதன்பின், அகராதி தரும் பொருள்களை வரிசையாக மனனம் செய்யும்படி ஏவாமல், பொருளை அடைதல், இடத்தை அடைதல், நிலையை அடைதல், பிறரைக் கொண்டு முடித்தல் என நான்கைந்து வகையாகப் பகுத்து, ஒவ்வொன்றையும் முழு வாக்கியத்தில் காட்டலாம். வீட்டின் பெயரிலிருந்து பிறந்த ‘எவ்லென்மெக்’ போன்ற தாய்மொழிச் சொல்லையே விளக்காகப் பிடித்து, விகுதியின் இடத்தில் ‘கெட்’ நிற்பதைச் சுட்டலாம்.

மாணவனுக்கு ஆறுதலும் ஒன்று உண்டு. ‘கெட்’ என்பதற்கு அஞ்சி அவன் ‘ரிசீவ்’ என்றும் ‘அரைவ்’ என்றும் தேர்ந்தெழுதும்போது, ஆங்கிலத்தின் உயர்ந்த எழுத்துநடைக்கு உரிய சொற்களையே கையாள்கிறான். அவன் கட்டுரை அதனால் தாழ்வதில்லை. ஆனால் கடைத்தெருவிலும் தொழிற்கூடத்திலும் மக்கள் பேசும் ஆங்கிலம் வேறு. ‘காட் இட்?’ என்று ஒருவர் கேட்டால், அது கிடைத்ததா என்ற வினாவா, புரிந்ததா என்ற வினாவா என்பதை அகராதி சொல்லாது. கேட்டவரின் முகமும், கையில் இருக்கும் பொருளும், முன்னே நிகழ்ந்த பேச்சுமே சொல்லும். சொல்லைத் தனியே பெயர்த்தெடுத்துப் பொருள் தேடுவோருக்கு ‘கெட்’ என்றும் புதிராகவே இருக்கும். அதனை வாக்கியத்திலும், வாக்கியத்தை வாழ்க்கையிலும் வைத்துக் காட்டும் ஆசிரியரிடம் பயிலும் மாணவனுக்கு அப்புதிர் மெல்ல மெல்ல அவிழும்.