அம்மாவின் எவர்சில்வர் டப்பா

அம்மாவுக்கு அதுதான் முதல் விமானப் பயணம். கோலாலம்பூரில் பேரனின் திருமணம். பெட்டி கட்டும்போது எங்களைத் திணறடித்தது அவரது எவர்சில்வர் டப்பாதான். அட்டையிலிருந்து பிரித்த மாத்திரைகளெல்லாம் அதில் கிடந்தன. வெள்ளை காலைக்கு, மஞ்சள் இரவுக்கு. எழுத்தறியாத அம்மாவின் மருத்துவ அறிவு நிறங்களால் ஆனது.

2006 ஆகஸ்டில் லண்டனில் திரவ வெடிபொருள் சதி அம்பலமானபின், கைப்பையில் 100 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட திரவப் புட்டிகள் கூடாதென்றாயிற்று. பயணத்துக்குத் தேவையான மருந்துகளுக்கு விலக்குண்டு. எனினும் மருத்துவரின் சீட்டும், பெயர் அச்சிட்ட உறையும் உடனிருப்பதே நலம். இன்சுலினைச் சரக்கறைக்கு அனுப்பலாகாது. உறைந்துவிட்டால் அது பயனற்றது.

ஆகவே மாத்திரைகளைப் புதிய அட்டைகளாக வாங்கினோம். இருபுறமும் வெள்ளித்தாள். அம்மா தடவிப் பார்த்தார். "இதுல எது எதுன்னு எனக்கு எப்படிப்பா தெரியும்?"

சோதனையிடுவோருக்கு விளங்க வேண்டுமென்று, உண்பவருக்கு விளங்காமல் செய்திருந்தோம். அன்றிரவு ஒவ்வொன்றையும் பிரித்துக் காட்டி, அவர் சொல்லச் சொல்ல, பெயர் மறையாமல் அட்டைகளில் சூரியனும் பிறையும் வரைந்தோம்.

விமான நிலையத்தில் காவலர் சீட்டைப் பார்த்தார்; இன்சுலின் பேனாவைப் பார்த்தார்; சூரியனைச் சற்று நேரம் பார்த்தார். "போங்கம்மா" என்றார்.

கோலாலம்பூரில் முதல் இரவு, எங்களைக் கேளாமலே அம்மா பிறையை எடுத்துக்கொண்டார். காலி டப்பாவும் அவர் பைக்குள் இருந்தது.