கோழிக்கொட்டகையில் இயந்திரம் படும் பாடு

நான் எழுத்தாளன் அல்லன். நாற்பது ஆண்டுகள் டீசல் இயந்திரங்களைப் பழுதுபார்த்துப் பிழைத்தவன். என் பேரன் பயிலும் இப்பள்ளியின் ஆண்டு மலருக்கு ஏதேனும் எழுதித் தருமாறு தமிழாசிரியை கேட்டபொழுது, எனக்கு நன்றாகத் தெரிந்தது ஒன்றே என்பதால் அதையே எழுத இசைந்தேன். கோழிப்பண்ணைத் தூசிக்கு நடுவே இயந்திரத்தை எவ்வாறு தூய்மையாகவும் வெப்பம் மிகாமலும் காப்பது என்பதே அது. பள்ளி மலருக்கு இஃது ஏற்ற பொருளா என ஐயுறும் பெற்றோர் சற்றே பொறுத்துப் படிக்க வேண்டுகிறேன்.

பிடோக் வட்டாரத்தார்க்குத் தூசி புதிதன்று. இன்று அடுக்குமாடி வீடுகள் நிற்கும் இடங்களில் அன்று கம்பங்கள் இருந்தன. சாய் சீ கம்பத்தில் பன்றியும் கோழியும் வாத்தும் வளர்த்த குடும்பங்கள் பல. 1966-இல் கிழக்குக் கடற்கரையைத் தூர்த்து நிலமாக்கும் பணி தொடங்கியது. பிடோக், சிக்லாப் குன்றுகளை வெட்டி, அம்மண்ணை நீண்டு ஓடும் பட்டைகளில் ஏற்றிக் கடலுக்கு அனுப்பினர். துவைத்து உலர்த்திய வெள்ளைச் சட்டை மாலையில் செந்நிறமாகிவிடும் என்று என் தாயார் அலுத்துக்கொண்டது இன்னும் நினைவில் உள்ளது. 1970-களில் புதுநகர் எழுந்தது. மணல் தோண்டிய பள்ளம் 1986-இல் பிடோக் நீர்த்தேக்கமாக உருப்பெற்றது. பன்றிப் பண்ணைகளைப் படிப்படியாக நிறுத்தப் போவதாக 1984-இல் அரசு அறிவித்தது. சில ஆண்டுகளில் அவையும் மறைந்தன. முட்டைக் கோழிப்பண்ணைகள் சில மட்டும் தீவின் மறுகோடியில், லிம் சூ காங் பகுதியில் நிலைத்தன. என் பணியில் பெரும்பகுதி அங்கேதான் கழிந்தது.

மண் தூசி வேறு, கொட்டகைத் தூசி வேறு. மண் கனமானது; சிறிது பறந்து கீழே படிந்துவிடும். கோழிக்கொட்டகைத் தூசியோ இறகின் துகள், தோலின் செதில், உலர்ந்த எச்சம், தீவன மாவு ஆகியவை கலந்தது. அது மிகவும் இலேசானது. எளிதில் கீழே இறங்காது. விசிறி காற்றை இழுக்கும் இடமெல்லாம் அதுவும் செல்லும். ரேடியேட்டரின் முகத்தில் முதல் நாள் பூஞ்சணம்போல் ஒட்டும்; பத்தாம் நாள் பஞ்சு மெத்தையாகிவிடும். எண்ணெய் சிறிது கசிந்திருந்தாலோ, இரண்டும் குழைந்து சாந்தாக இறுகும்.

டீசல் எரிந்து உண்டாகும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் வேலையாக மாறுகிறது. எஞ்சியதில் பெரும்பகுதி புகையோடும் ரேடியேட்டர் வழியாகவும் வெளியேற வேண்டும். மெத்தை போர்த்திய ரேடியேட்டரால் வெப்பத்தை வெளியேற்ற இயலாது. சிறுவர்களே, நண்பகல் வெயிலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு திடலைச் சுற்றி ஓடுவதாக எண்ணிப் பாருங்கள்!

இயந்திரம் மூச்சும் விடுகிறது. ஓய்வாக அமர்ந்திருக்கும் மனிதர் ஒரு நிமிடத்தில் ஆறு முதல் எட்டு லிட்டர் காற்றை உள்ளிழுக்கிறார். நிமிடத்துக்கு 1,500 முறை சுழலும் நான்கு லிட்டர் டீசல் இயந்திரமோ அதே நேரத்தில் ஏறக்குறைய 3,000 லிட்டர் காற்றை இழுக்கிறது. அக்காற்றிலுள்ள தூசி வடிகட்டியைக் கடந்து உள்ளே போனால் உட்சுவரை அரம்போல் தேய்க்கும். வடிகட்டி அடைத்துக்கொண்டாலோ, இயந்திரம் மூச்சுத்திணறிக் கரும்புகை கக்கும்.

இதனால் யாருக்கு என்ன கேடு என்று கேட்கலாம். ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறேன்.

1990-களின் பிற்பகுதியில் ஒரு பண்ணைக்குப் பழுதுபார்க்கச் சென்றிருந்தேன். நாற்புறமும் அடைத்த கொட்டகை. ஒரு கோடியில் நனைந்த அட்டைகள், மறுகோடியில் பெரிய விசிறிகள். விசிறிகள் காற்றை இழுத்து வெளியே தள்ளுவதால்தான் உள்ளே குளிர்ச்சி. பிற்பகல் இரண்டு மணிக்கு மின்சாரம் நின்றது. ஜெனரேட்டர் தானே இயங்கியது. அனைவரும் அமைதியாக இருந்தனர். சிறிது நேரத்தில், நாமக்கல் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்திருந்த இளைஞர் ஒருவர் ஓடி வந்து, “அண்ணா, முள் ஏறிக்கொண்டே போகிறது, வந்து பாருங்கள்” என்றார். சீன மேற்பார்வையாளர் “பானாஸ், பானாஸ்” என்று கையை உதறினார். நாங்கள் சென்றடையுமுன் இயந்திரம் தன் பாதுகாப்புக்காகத் தானே நின்றுவிட்டது.

கோழிக்கு வியர்ப்பதில்லை. அதன் உடல் வெப்பம் இயல்பாகவே 41 டிகிரி அளவில் உள்ளது. அலகைத் திறந்து இளைத்துத்தான் அது வெப்பத்தைத் தணித்துக்கொள்ளும். விசிறி நின்ற அடைத்த கொட்டகையில், நம் நாட்டு வெயிலில், பல்லாயிரம் கோழிகளின் உயிர் நிமிடக் கணக்கில் நிற்கிறது. உள்ளே அதுவரை கேட்ட கூச்சல் அடங்கி, இளைக்கும் ஓசை மட்டும் எழுந்தது. அவ்வோசையை நான் மறக்கவில்லை.

ரேடியேட்டரின் முன்னிருந்த கம்பிவலையை அவ்விளைஞர் கழற்றினார். அதில் படிந்திருந்த இறகுப் படலம் போர்வைபோல் ஒரே துண்டாகக் கையோடு வந்தது! பின்புறமிருந்து காற்றடித்து எஞ்சியதையும் போக்கினோம். மேற்பார்வையாளர் குளிர்ந்த நீரை வாளியோடு கொண்டுவந்து இயந்திரத்தின்மேல் ஊற்ற முனைந்தார், தடுத்துவிட்டேன். கொதிக்கும் இரும்பில் குளிர்நீர் பட்டால் விரிசல் காணும். சூடு தணிந்து, அது மீண்டும் இயங்க முப்பது நிமிடம் ஆயிற்று. அன்று மாலை மூன்று கைவண்டிகளில் இறந்த கோழிகளை அகற்றினார்கள். வலையை இருநாளுக்கொருமுறை துடைக்க அவ்விளைஞர் முன்பே அனுமதி கேட்டிருந்தாராம். அது வேலை நேரத்தை வீணாக்குவது என்று மறுத்துவிட்டார்களாம்.

மற்றொன்றையும் அன்று கண்டேன். கொட்டகையின் விசிறிகள் தூசியைத் துப்பும் திசையிலேயே ஜெனரேட்டரை வைத்திருந்தனர். என்னதான் துடைத்தாலும் அவ்விடத்தில் வென்றுவிட முடியாது. காற்று நுழையும் கோடிக்கு அதை மாற்றச் சொன்னேன், மறுமாதம் மாற்றினர்.

நிற்க. கொட்டகைக்கென்றே பிறந்த இயந்திரமும் உண்டு. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், ரோத்சே என்ற சிற்றூரில் கொல்லுப்பட்டறை நடத்திய சிரில் கெல்லர், லூயி கெல்லர் என்னும் உடன்பிறந்தார், வான்கோழி வளர்ப்பவர் ஒருவருக்காக 1957-இல் மூன்று சக்கரச் சிறு அள்ளு இயந்திரம் ஒன்றைச் செய்தனர். தூண்களுக்கு இடையே நின்ற இடத்திலேயே திரும்பி எச்சத்தை அள்ள வேண்டும் என்பதே தேவை. பின்னர் ‘பாப்கேட்’ என்று உலகெங்கும் பெயர் பெற்ற வண்டியின் மூதாதை அதுவே. நம் கட்டுமானத் தளங்களில் அதன் வழிவந்த வண்டிகளை நீங்கள் பார்த்திருக்கக்கூடும்.

இனி, துடைக்கும் முறை. காற்று எத்திசையில் உள்ளே போகிறதோ அதற்கு எதிர்த்திசையில் ஊதவேண்டும். முன்னிருந்து ஊதினால் தூசி இன்னும் ஆழமாகப் புகும். மெல்லிய தகடுகள் மடங்காதபடி அழுத்தத்தைக் குறைத்து, நேராக ஊதுக. சில வண்டிகளில் எண்ணெயைக் குளிர்விக்கும் தகடும் ரேடியேட்டரும் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும். வெளியே பளிச்சென்று தெரியும், இடுக்கிலோ ஒரு தலையணை பஞ்சு இருக்கும். புகைக்குழாயின்மேல் படிந்ததையும் விடலாகாது. காய்ந்த இறகுத்தூள் அங்கே தீப்பற்றும். இவையெல்லாம் இயந்திரத்தை நிறுத்தி, ஆறவிட்டபின் செய்ய வேண்டியவை. சூடாக உள்ளபோது ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும்.

காற்று வடிகட்டியில் மட்டும் அளவுக்கு மீறிய அக்கறை ஆகாது. அதை நாள்தோறும் கழற்றினால், ஒவ்வொரு முறையும் சிறிது தூசி உள்ளே விழும். அடைப்பைக் காட்டும் குறி சிவக்கும்போது கழற்றினால் போதும். காகித வடிகட்டியைத் தரையில் தட்டலாகாது, மடிப்பு கிழிந்துவிடும். உள்ளே மற்றொரு சிறு வடிகட்டி இருந்தால் அதைத் துடைப்பதில்லை, மாற்றுவதே முறை. ஊதுபவர் முகக்கவசம் அணிவது கட்டாயம். உலர்ந்த எச்சத் தூசியை ஆண்டுக்கணக்கில் சுவாசித்து இருமலோடு ஊர் திரும்பிய தோழர்களை நான் அறிவேன்.

நம் வட்டாரத்தில் புல்வெட்டியும் ஊதியும் சுமக்கும் தொழிலாளத் தோழர்களுக்கும் ஒரு சொல். உங்கள் சிறு இயந்திரத்தில் ரேடியேட்டர் இல்லை. உருளையைச் சுற்றியுள்ள தகட்டு வரிகளே அதைக் குளிர்விக்கின்றன. அவ்வரிகளுக்கிடையே ஈரப்புல் புகுந்து காய்ந்தால், கோழிக்கொட்டகை நிலைமைதான். இயந்திரம் ஆறியபின் பழைய பல்துலக்கியால் வரிகளைச் சுத்தம் செய்யுங்கள். பஞ்சு வடிகட்டியாயின் சவர்க்கார நீரில் அலசி, பிழிந்து முறுக்காமல் அழுத்தி, நிழலில் முழுதும் உலர்த்துங்கள். தயாரிப்பாளர் சொல்லியிருந்தால் சில துளி எண்ணெய் தடவிப் பூட்டுங்கள். இதற்கு ஆகும் நேரம் ஒரு கோப்பை தேநீர் குடிக்கும் நேரமே. அந்நேரத்தை மேற்பார்வையாளர்கள் மறுக்காமல் தரவேண்டும்.