வானம் தோண்டும் முன்

லண்டன் நகருக்குள் பழைய கட்டடம் ஒன்றை இடித்துப் புதிதாகக் கட்ட வேண்டுமென்றால், பெரும்பாலும் கட்டடத் தொழிலாளர்களுக்கு முன்னால் எங்களைப் போன்ற தொல்லியலாளர்கள் குழிக்குள் இறங்கியிருப்போம். செலவு கட்டுகிறவருடையது. இந்த ஏற்பாடு அவ்வளவு பழையது அல்ல. 1989இல் தேம்ஸின் தென்கரையில் ஓர் அலுவலகக் கட்டடம் வரவிருந்த இடத்தில் ரோஸ் நாடக அரங்கின் அடித்தளம் வெளிப்பட்டது. 1587இல் எழுந்த அரங்கம் அது. ஷேக்ஸ்பியர் நாடகங்கள் நடந்த இடம். அதன்மேல் கான்கிரீட் கொட்டக் கூடாது என்று நடிகர்களும் பொதுமக்களும் அங்கேயே திரண்டு நின்றார்கள். கட்டட வரைபடத்தை மாற்றி, எச்சங்களை மணலும் நீரும் கொண்டு மூடிக் காப்பாற்ற வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டு, 1990 நவம்பரில், இங்கிலாந்து முழுமைக்கும் ஒரு வழிகாட்டுதல் வந்தது. நிலத்தடியில் என்ன இருக்கக்கூடும் என்பதை அனுமதி கொடுப்பதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும் என்பது அதன் சாரம். என் பிழைப்பு அதிலிருந்து வந்தது.

நகருக்கு வெளியே, வெட்டவெளி மனைகளில் முதல் வேலை சோதனைக் குழிகள். நம் ஊரில் ஹிட்டாச்சி என்கிறோமே, அந்த எந்திரத்தில் பல் இல்லாத பட்டை வாளியை மாட்டி, இரண்டு மீட்டர் அகலத்தில் நீளமாக மண்ணை வழித்தெடுப்போம். தோண்டுவது என்று இதைச் சொல்ல மாட்டேன். தோசைக் கல்லைத் திருப்பியால் சுரண்டுகிற அளவுக்குத்தான் ஒவ்வொரு வழிப்பும். வாளி போகும் இடத்தையே பார்த்தபடி ஒருவர் கூட நடக்க வேண்டும். பார்த்துக்கொண்டு நிற்பதற்கு ஓர் ஆளா என்று புதிதாக வருகிறவர்கள் நினைப்பார்கள். என்னைக் கேட்டால் தொழிலின் உச்சத் திறமை அங்கேதான் இருக்கிறது. கையை உயர்த்தி நிறுத்தச் சொல்வது ஒரு வழிப்பு தாமதமானால், ஒரு வீட்டின் தரை லாரியில் ஏறிவிடும்.

தெரிவது பெரும்பாலும் நிறம் மட்டும்தான். மஞ்சள் களிமண்ணில் உள்ளங்கை அகலத்துக்குக் கருமையான வட்டம் ஒன்று. வெயிலில் காய்ந்துவிட்டால் அதுவும் மறைந்துவிடும். லேசாகத் தண்ணீர் தெளித்தால் திரும்பத் துலங்கும். வட்டத்தின் நடுவே நூல் கட்டி, ஒரு பாதியை மட்டும் கரண்டியால் எடுப்போம். மீதிப் பாதி சுவர்போல் நிற்கும்போது கதை தெரியும்: மரக்கம்பம் மக்கிப்போன இடத்தில் மென்மையான கறுப்பு மண், கம்பம் ஆடாமலிருக்க யாரோ சுற்றிலும் திணித்த கற்கள். அந்தக் கற்களில் ஒன்றை எடுத்தால் அதன் அடியில் இருக்கும் மண்ணின் நிறம் வேறு. அவ்வளவையும் அளந்து வரைந்து, படமெடுத்த பிறகுதான் மறுபாதியைத் தொடலாம்.

மண்ணில் நடந்த ஒவ்வொரு செயலுக்கும் ஓர் எண் கொடுப்போம். குழி வெட்டியது ஒரு செயல். கல் திணித்தது இன்னொன்று. கம்பம் மக்கியபின் மேல்மண் இறங்கி நிரம்பியது மூன்றாவது. எது எதற்கு முந்தியது என்று இந்த எண்களைக் கோத்துப் படமாக்கும் முறையை எட்வர்ட் ஹாரிஸ் 1973இல் வகுத்தார். இன்றும் அதுதான் எங்களுக்கு இலக்கணம். இவ்வளவு பிடிவாதம் எதற்கென்றால், அகழாய்வும் ஓர் அழிப்புதான். நாங்கள் எடுத்த மண்ணை யாரும் மறுபடி அடுக்க முடியாது. எழுதாமல் விட்டது போயே போயிற்று.

லண்டனுக்குள் கதை வேறு. தெருமட்டத்துக்கும் கன்னி மண்ணுக்கும் இடையே சில இடங்களில் ஏழு மீட்டர் வரை மனிதர் விட்டுச்சென்ற மண். அதில் ஓர் அடுக்கை யாரும் தவறவிட மாட்டார்கள்: செங்கல் நிறத்தில் வெந்த களிமண், கரித்துண்டுகள். கி.பி. 60 அல்லது 61இல் ரோமானிய ஆட்சிக்கு எதிராகக் கலகம் செய்த பூடிக்கா அரசியின் படை ஊரைக் கொளுத்தியதன் தடம் அது.

வால்புரூக் என்னும் மறைந்துபோன ஓடை ஓடிய இடத்தில், புளூம்பெர்க் நிறுவனத்தின் கட்டடத்துக்காக 2010 முதல் 2014 வரை ‘லண்டன் அருங்காட்சியகத் தொல்லியல்’ என்னும் அமைப்பினர் அகழ்ந்தார்கள். ஈரச் சேற்றுக்குள் காற்றுப் புகாததால் மரம் மக்கவில்லை. ரோமானியர் காலத்து எழுத்துப் பலகைகள் 405 கிடைத்தன. எழுதுவதற்காகப் பூசியிருந்த மெழுகு போய்விட்டாலும், எழுத்தாணி மரத்தில் பதித்த கீறல்கள் மிஞ்சியிருந்தன. ஒன்றில் தேதியே இருக்கிறது: கி.பி. 57, ஜனவரி 8. கிராடஸ் என்பவரிடம் வாங்கிய சரக்குக்கு 105 தெனாரி (ரோமானிய வெள்ளிக்காசு) கடன் என்று திபுல்லஸ் எழுதிக் கொடுத்த சீட்டு. இன்னொன்று 62 அக்டோபரில் வெருலாமியம் என்னும் ஊரிலிருந்து லண்டனுக்கு இருபது சுமை உணவுப்பொருள் கொண்டுவர எழுதிய ஒப்பந்தம். இரண்டு ஊர்களும் அந்தக் கலகத்தில் எரிந்தவை. அப்படியிருந்தும் வியாபாரம் அவ்வளவு சீக்கிரம் எழுந்துவிட்டது என்பதை இந்தப் பலகை சொல்கிறது. பொறுமையாகச் சேற்றைக் கழுவிப் பார்த்த கைகள் இல்லாவிட்டால் அதெல்லாம் தூண்குழி போடும் எந்திரத்தில் அரைபட்டிருக்கும்.

நேரம் எப்போதும் போதாது. கான்கிரீட் லாரி எந்தத் தேதிக்கு வரும் என்பது நாங்கள் இறங்கும் முன்பே முடிவாகியிருக்கும். அப்போது எதை விடுவது என்ற கேள்வி வரும். அழகான பொருளைத் தேடி ஓடுவதை விட்டு, அடுக்குகளின் வரிசையையும் மண் மாதிரிகளையும் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதே என் கட்சி. ஒரு வாளி மண்ணை நீரில் அலசினால் மேலே மிதந்து வரும் கருகிய தானியம், அந்த வீட்டில் என்ன சமைத்தார்கள் என்பதைச் சொல்லிவிடும்.

தமிழ்நாட்டை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை. பாதுகாக்கப்பட்ட சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் கட்டக் கூடாது, அதற்கு அப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும் என்று மத்தியச் சட்டம் இருக்கிறது. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம், கிடைத்த பிறகு தெரிவிக்கச் சொல்கிறது. பட்டியலில் இல்லாத நிலத்தைக் கட்டும் முன் பார்த்துவிட வேண்டும் என்னும் பொதுவான கட்டாயம் இல்லை. பொருந்தல் என்னும் ஊரில் ஒரு கல்லறையின் ஜாடிக்குள் கிடந்த நெல்மணிகளைக் கொண்டுதான் அதன் காலம் கி.மு. 5ஆம் நூற்றாண்டு என்று கணித்தார்கள். அப்படிப்பட்ட ஜாடி ஒரு மனைப்பிரிவின் சாலைக்கு அடியில் போனால் யாருக்குத் தெரியும்? பெரிய மனைப்பிரிவுகளுக்கும் சாலைகளுக்குமாவது சோதனைக் குழியை அனுமதியின் நிபந்தனையாக அரசு ஆக்க வேண்டும்.

அதுவரை உங்களிடம் ஒரு வேண்டுகோள். வானம் தோண்டும்போது கறுப்பு சிவப்புப் பானை ஓடோ, தாழியின் விளிம்போ தென்பட்டால் வேலையை நிறுத்துங்கள். தாழிக்குள் இருக்கும் மண்ணை அள்ளிக் கொட்டாதீர்கள். இருந்த இடத்திலேயே படமெடுத்து, ஈரச் சாக்கால் மூடி வைத்து, கிராம நிர்வாக அலுவலரிடமோ தாசில்தாரிடமோ அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.